கட்டைக்கு எண்ணெய்

1

2024 ஜூனில், தேர்தல் முடிவுகள் வந்து இரண்டு வாரம் கழித்து, அப்பா ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்களை ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு நினைவு தெரிந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அது இப்படிப் போய்விட்டு வருகிறது. "பிரசவத்துக்குப் போயிருக்கு" என்பாள் அம்மா.

இந்த முறை சாக்கைப் பிரித்தால் மரக்கட்டை முழுக்கச் சாம்பல் பூத்ததுபோலப் பூஞ்சை. குற்றம் எங்கள் வீட்டுடையதுதான். தாத்தா காலத்திலிருந்து அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் பழக்கம். தேங்காய் எண்ணெய் காயாது. ஐம்பது வருஷத்துத் தூசியும் எண்ணெயும் பழைய வார்னிஷும் சேர்ந்து ஒரே பிசுக்காகி, அதன்மேல் பூஞ்சை குடியேறியிருந்தது.

"கட்டைக்கு ஏதாச்சும் பண்ணு. பூச்சி அரிச்சிரப் போகுது" என்றார் அப்பா.

ஒத்தைக்குழல், பன்னிரண்டு போர், தோட்டா போடுகிற துப்பாக்கி. சுடுகிற வேலையெல்லாம் இரும்புக்கு. ஆனால் மனித உடம்பு தொடுகிற இடமெல்லாம் மரம். உள்ளங்கை பிடிப்பதும், கன்னம் பதிவதும், தோள் உதையை வாங்குவதும் அங்கேதான். அந்த மரத்துக்கு எங்கள் வீட்டில் 'கட்டை' என்று பெயர். அது என்ன மரம் என்று தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். தேக்கு இல்லை, வாகை இல்லை, வால்நட் என்றார். கனமும் அதிகமில்லாமல், உதையில் பிளக்காமல், மழைக்கும் வெயிலுக்கும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும் என்பதால் உலகம் முழுக்கத் துப்பாக்கிக்கு அதைத்தான் விரும்புகிறார்கள். ஐரோப்பாவின் போர்களுக்காக வால்நட் மரங்கள் கணக்கில்லாமல் வெட்டப்பட்டிருக்கின்றன. பழத்துக்காக நட்ட மரம், போருக்குப் போயிருக்கிறது.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைனர். வீடு திருத்தங்கலில். 2021இல் எங்கள் ஊரைச் சிவகாசி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் ரயிலடியில் இறங்கி, மலைமேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலைப் பார்த்தால்தான் ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பின்வாசலில் இந்த வேலை நடந்தது. லைசென்ஸ் அப்பா பேரில். 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் ஆயுதத்தின் பாகங்களும் சேர்த்திதான். அதனால் குழலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்ததும், கட்டையைக் கழற்றியதும் அப்பா. இரும்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நான் தேய்த்து முடிக்கும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், காவலுக்கு வந்தவர் மாதிரி.

முதல் நாள் ஒரு போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "கொலைக்கருவிக்கு ஃபேஷியலா?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. கொல்வதற்காகச் செய்த ஒன்றை அழகாக்குவது சரியா?

2

முதலில் எனக்குத் தோன்றிய பதில்: நான் துப்பாக்கியைத் தேய்க்கவில்லை, மரத்தைத் தேய்க்கிறேன். இது பதிலே இல்லை என்று உடனே தெரிந்தது. தூக்குமரத்துக்கு இழைப்புளி போடுகிறவனும் இதையே சொல்லலாம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் உறுதியாக இருந்தது. இந்தத் துப்பாக்கி யாரையும் கொன்றதில்லை. தாத்தா பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கினார். கரிசல் காடு, கம்பும் பருத்தியும் கடலையும். பன்றி வரும், மயில் வரும். 1972க்குப் பிறகு மயில் மீது கைவைக்க முடியாது. காட்டுப்பன்றியைத் தன் இஷ்டத்துக்குச் சுடவும் விவசாயிக்கு அதிகாரம் இல்லை. பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், பயிரைத் தின்னும் மிருகத்தைச் சுடக்கூடாது. மிச்சம் இருந்தது சத்தம் மட்டும். சத்தத்துக்குச் சிவகாசிப் பக்கத்தில் துப்பாக்கி எதற்கு? பத்து ரூபாய் வெடி போதும். ஆகவே அது வீட்டில் சும்மா கிடந்தது. வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்கு வெளியே வரும். அரிவாள்மனை, மம்பட்டி, அப்பாவின் டிவிஎஸ் வண்டி, என் லேப்டாப், அதன் பக்கத்தில் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம்.

ஆயுதம் என்ற சொல்லை அன்றைக்கு நாம் எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறோம். சமைப்பதும் ஆயுதம், தைப்பதும் ஆயுதம், சுடுவதும் ஆயுதம். எங்கள் ஊரில் இன்னொரு சொல்லும் இப்படித்தான். நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, வெடிக்குள் இடிப்பதும் மருந்து. "மருந்துக் கலவையில வேலை" என்று ஒருவர் சொன்னால் வெளியூர்க்காரன் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொள்வான்.

மூன்றாவது பதிலைப் புறநானூற்றில் கண்டுபிடித்தேன், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தேன். தொண்ணூற்றைந்தாம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் எல்லாம் மயில்பீலி கட்டி, மாலை சூட்டி, காம்பு சீர்செய்து, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. ஔவை அவற்றைப் பாராட்டுவதுபோலப் பாராட்டிவிட்டு, எங்கள் ஆளின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பகைவரைக் குத்தி முறிந்தவை என்றும் சொல்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டை நடத்தும்போது எல்லோரும் ஔவையின் பக்கம்தான் நின்றோம். கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கு முதல் தடவையாகத் தொண்டைமானைப் பிடித்தது. காம்பைத் திருத்தி நெய் பூசியிருக்கிறான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவன் கொட்டிலில் யாரோ செய்த அதே வேலையைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். எண்ணெய் பூசின ஆயுதம் என்றால் வேலைக்குப் போகாத ஆயுதம். ஔவை அதைக் கேலியாகச் சொன்னார். ஏன் கேலி செய்ய வேண்டும்? ஆயுதங்கள் எல்லாம் இப்படி மாலை போட்டுக்கொண்டு சும்மா கிடந்தால் எவ்வளவு நல்லது! இதையே நண்பனுக்கு எழுதி அனுப்பினேன். ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டான். கேள்வி தீர்ந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

3

வேலை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும்.

பழைய பிசுக்கை எடுக்க ரிமூவர் தடவி, மழுங்கின தகட்டால் வழித்தேன். ஆசாரி சொன்னபடி மூலைகளில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். அதன் பிறகு உப்புத்தாள். 120, 220, 320, 400. எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் எண்ணெய் போட்டதும் பல்லைக் காட்டும். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்துக் கிடந்த நார்கள் மயிர்க்கூச்செறிந்ததுபோல எழும்பி நிற்கும். அவற்றை மறுபடி தேய்த்து எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பின்னால் முதல் வியர்வைக்கே கட்டை சொரசொரப்பாகிவிடும்.

அடுத்தது எண்ணெய். ஆளி விதை எண்ணெய். பெயின்ட் கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள். டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். பாயில்டு என்று பெயரே தவிர, சீக்கிரம் காய்வதற்குக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைச் சேர்ப்பதுதான் முக்கியமான வேலை. டப்பாவைத் திறந்ததும் எனக்குப் பழகின வாசனை. எங்கள் பிரஸ் வாசனை. அச்சு மைக்கு நெடுங்காலமாக இந்த எண்ணெய்தான் அடிப்படை. சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போன முருகன் காலண்டரும் லட்சுமி காலண்டரும் இந்த வாசனையோடுதான் போயிருக்கும்.

இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடுகிறது. நாலைந்து சொட்டு எடுத்து உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். ஒருநாள் காயவிட்டு மறுபடி. ஒரு வாரம் தினம் ஒருமுறை, ஒரு மாதம் வாரம் ஒருமுறை, ஒரு வருஷம் மாதம் ஒருமுறை, பிறகு ஆயுசுக்கும் வருஷம் ஒருமுறை என்று பழைய மரவேலைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்.

முதல் பூச்சில் கட்டை கண்விழித்தது. சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த மரத்துக்குள் கருப்பும் தேன்நிறமுமாக ரேகைகள் ஓடின. பேப்பரை மடித்துவிட்டு அப்பாவும் குனிந்து பார்த்தார். பெயின்ட் மாதிரி எண்ணெய் எதையும் மறைக்காது. உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் கூடுதலாகக் காட்டும். கீறல் இருந்தால் கீறலையும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, என்ன எண்ணெய் அது? காஞ்சு கெட்டியாகுற எண்ணெயா? அப்பன்னா கந்தலச் சுருட்டிப் போடாதீங்க" என்றார். பட்டாசு ஆபீஸில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் ஃபேக்டரி என்று சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். "சூடு ஏறுற சாமான் எதையும் குவிச்சு வைக்கக் கூடாது. மிச்ச மருந்தை ராத்திரிக்கு வச்சிட்டுப் போனா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்ல."

அவர் சொன்னது அப்படியே உண்மை. இந்த எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும். விரித்துப் போட்ட துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டின துணிக்குள் போக வழியில்லாமல் சேர்ந்து சேர்ந்து, யாரும் தீப்பெட்டி உரசாமலேயே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்றில் இப்படித்தான் தீப்பிடித்தது. மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்தவர்கள் இருபத்திரண்டாவது மாடியில் விட்டுப்போன லின்சீட் துணிகளிலிருந்து கிளம்பிய தீ. மூன்று தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனார்கள். அழகுபடுத்த வந்த எண்ணெய்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த வட்டாரம் எங்களுடையது. நெருப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. துணியை நனைத்து, கொடியில் தனித்தனியாக விரித்துப் போட்டேன்.

4

கட்டையின் அடியில், தோளில் முட்டுகிற இடத்துக்கு நாலு விரல் முன்னால், ஒரு பள்ளம் இருந்தது. பெருவிரல் நுனி படிகிற அளவு. எண்ணெய் பட்டதும் அது இருட்டாகி, முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பள்ளத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. எழுபதுகளின் கடைசி. கடலைக் காட்டில் ஆடுகள் இறங்கிவிட்டன. மேய்த்த பையனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். தாத்தா துப்பாக்கியோடு ஓடினார். சுடவில்லை. பையனைப் பயமுறுத்துவதற்காகத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, பக்கத்தில் இருந்த கல்தொட்டி மேல் ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் கட்டை வழுக்கிப் பையன் தோளில் பட்டுவிட்டது. காறை எலும்பு முறிந்துபோனது. தாத்தாவே கட்டுப் போடுகிறவரிடம் அனுப்பி, செலவுக்கும் கொடுத்தார். கல்தொட்டியில் அடித்த தடம்தான் இந்தப் பள்ளம். அப்பா இதை நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். தொட்டியில் தண்ணீர் பாதி இருந்தது என்பதுவரை.

ஆக, இந்தத் துப்பாக்கி யாரையும் கொல்லவில்லை என்று நான் சொன்னது சரிதான். ஆனால் ஒருவரை அடித்திருக்கிறது. அதுவும் இரும்பால் இல்லை, நான் அழகாக்கிக்கொண்டிருந்த அதே மரத்தால்.

மரத்தில் விழுந்த பள்ளத்தை எடுத்துவிட முடியும். ஈரத்துணியை மேலே போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஆவி உள்ளே போய், நசுங்கிய நார்கள் உப்பி மேலே வரும். நசுங்கினது எழும், அறுந்தது எழாது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவிட்டு, வைக்க மனசு வரவில்லை. எடுத்துவிட்டால் அந்தப் பையனுக்கு நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியையும் அழித்ததாகாதா? மற்ற கீறல்களைத் தேய்த்துவிட்டேன். இதை மட்டும் விடப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போது என்மேலேயே எனக்கு மரியாதை வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பம் தன் குற்றத்தைத் தன் பொருளிலேயே சுமப்பது நேர்மை என்று கட்டுரையின் கடைசி வரியைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டேன்.

எங்கள் ஊர் சிலப்பதிகாரத்தில் வருகிறது. மதுரையின் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதையில். திருத்தங்கால் ஊரைச் சேர்ந்த வார்த்திகன் என்பவரை, அவர் மகனிடம் இருந்த நகைகளைப் பார்த்துவிட்டு, அரசாங்கப் புதையலை எடுத்தவர் என்று பாண்டியனின் ஆட்கள் சிறையில் போடுகிறார்கள். அவர் மனைவி கார்த்திகை தரையில் விழுந்து அழுகிறாள். ஐயை கோயில் கதவு மூடிக்கொள்கிறது, திறக்க முடியவில்லை. மன்னன் என்ன அநியாயம் நடந்தது என்று விசாரிக்கிறான். தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, திருத்தங்காலையும் வயலூரையும் அவருக்குக் கொடுத்து, அவர் முன்னால் மார்பு மண்ணில் படும்படி விழுகிறான். அதன் பிறகுதான் கதவு திறக்கிறது.

நூறு தடவை கேட்ட கதை. அந்த வாரம் பஸ்ஸில் போகும்போது அதில் ஒன்று உறைத்தது. மன்னன் முதலில் செய்தது விழுந்தது இல்லை. கேட்டது. என்ன நடந்தது என்று கேட்டான். எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் செத்துப்போகவும் இல்லை. ரோட்டைத் தாண்டிக் காலனியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் இருந்தார்.

5

போவதற்கு முன்னால் ஒரு சின்னச் சிக்கல். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? தாத்தா 'ஏய்' என்றுதான் கூப்பிட்டிருப்பார். அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு அவரைப் பார்த்தால் தலையாட்டிப் பழக்கம், கூப்பிட்டுப் பழக்கமில்லை. வாசலில் நின்று "அய்யா" என்றேன்.

"யாரு? வாங்க தம்பி. அப்பா நல்லா இருக்காகளா?" இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் அவருக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் நடக்கிற விதமே அப்படி என்று நினைத்திருந்தேன்.

டீ வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் துப்பாக்கியில் ஆரம்பித்தேன்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"போடுங்க. நல்ல கட்டை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கனமா இருக்கும்" என்றார்.

நான் கல்தொட்டியைப் பற்றிக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"தொட்டியா? தொட்டி மேக்க, கெணத்துகிட்டல்ல இருந்துச்சு. நான் கெழக்க வரப்புல நின்னேன். ஆட்டை எல்லாம் வெளிய ஓட்டிட்டேன் அப்ப. அங்க ஏது கல்லு?"

"ரெண்டு அடின்னு..."

"ஒரு அடிதான். கைதவறிப் படல தம்பி. என் பேரச் சொல்லித்தான் அடிச்சாக."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு விலாசத்தைத் திருத்திச் சொல்கிற குரல். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிப்பு என்று ஆரம்பிக்கிற எதையோ. அவர் டம்ளரைக் காட்டி, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

கிளம்பும்போது கேட்டேன், இதை எழுதலாமா என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுதுங்க. எம் பேரு வேண்டாம். பிள்ளைக இந்த ஊர்லதான இருக்கணும்."

6

திரும்பி நடக்கும்போதுதான் அந்தப் பள்ளம் என்னவாக இருந்தது என்று புரிந்தது. அதை நான் எங்கள் குடும்பத்தின் வாக்குமூலம் என்று நினைத்துக் காப்பாற்றினேன். உண்மையில் அது எங்கள் தரப்பு சாட்சி. தாத்தா கல்லைத்தான் அடித்தார், பையனை இல்லை என்பதற்கு வைத்திருந்த ஆதாரம். ஒவ்வொரு முறை அந்தக் கதையைச் சொல்லும்போதும் பள்ளத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறோம். பள்ளம் உண்மை. கதை பொய். எங்கேயோ எதிலோ பட்டு விழுந்த ஒரு தடத்தைச் சுற்றி ஒரு கல்தொட்டியைக் கட்டி, அதில் பாதி தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தோம்.

அப்படியானால் தொண்டைமானைப் பற்றி நான் கண்டுபிடித்ததும் தப்பு. சும்மா கிடக்கிற ஆயுதம் சும்மா கிடப்பதில்லை. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கியதும் கம்பெனி ஆட்சி இந்தச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878 ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. அன்றிலிருந்து கிராமத்தில் லைசென்ஸ் என்பது பன்றி சுடுவதற்கான அனுமதியை விடப் பெரிய ஒன்று. இந்த வீடு சர்க்காருக்கு வேண்டப்பட்ட வீடு என்பதற்கான சீட்டு. தாத்தாவிடம் இருந்தது வெறும் கம்பாக இருந்திருந்தால் ஆடு மேய்த்த பையன் ஓடியிருப்பான். துப்பாக்கியைப் பார்த்து நின்றுவிட்டான். சுட வேண்டிய அவசியமே இல்லாமல், மாலை போட்டு மாட்டியிருக்கும்போதே அது செய்கிற வேலை அது. தொண்டைமானும் ஔவைக்குத் தன் கொட்டிலைச் சும்மாவா காட்டினான்?

நண்பனின் கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கும் பதில் இது. கொல்லும் கருவியை அழகாக்குவது தானாகவே பாவம் இல்லை. பேண வேண்டிய பொருளைப் பேணுவது கைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. தப்பு எங்கே வருகிறதென்றால், அந்த அழகை ஒரு பதிலாக வைத்துக்கொள்ளும்போது. தழும்பை அழிப்பது மட்டும்தான் மறைப்பது என்று நினைத்திருந்தேன். தழும்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டும் மறைக்கலாம். குற்றவுணர்வுக்கும் எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்க முடியும். அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், கட்டுரை எழுதலாம். அது திரும்பிப் பேசாது. உடைந்த தோள் உள்ள மனிதர் பேசுவார், நாம் வைத்திருக்கும் கதையைத் திருத்துவார். அதனால்தான் அவரிடம் போகாமல் மரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரையும் அந்தப் பளபளப்பில் ஒரு பூச்சாக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் மடியில் கிடந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை.

"நான் அந்தத் தொட்டியப் பாத்தேன்டா" என்றார். பிறகு, "பாத்தேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தப் பள்ளம்?"

"தெரியலப்பா."

"எடுத்திரு."

அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். ஈரத்துணி சீறியது. மூன்று தடவை வைத்து எடுத்ததும் பள்ளம் எழும்பிவிட்டது. நடுவில் நார் அறுந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் நின்றுவிட்டது. அது எதில் பட்டு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது; அதை இனி எந்தக் கதைக்கும் சாட்சியாகக் கூப்பிட மாட்டோம்.

லைசென்ஸ் அடுத்து புதுப்பிக்க வரும்போது ஒப்படைத்துவிடலாமா என்று அப்பா யோசிக்கிறார். அது வேறு விஷயம். துப்பாக்கி வீட்டைவிட்டுப் போய்விட்டால் நடந்தது நடக்காததாகிவிடாது. அப்பா இன்னும் காலனிக்குப் போகவில்லை. இரண்டு தடவை சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் தாழட்டும்" என்று உள்ளே போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை. ஆனால் விடப்போவதும் இல்லை. இப்போது மாதம் ஒருமுறை எண்ணெய்க் கணக்கு நடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அடுத்த பூச்சு. அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். துணியைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மறுபடி கேட்பேன்: "போயிட்டு வருவோமாப்பா?"